விலகல் கடிதம்

"மேடம் பேர்ல திட்டமே இல்லையே சார்."

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் மனைவியின் அட்டை எண்ணை இரண்டாம் முறையும் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

மணி ஒன்பதே முக்கால். பதினொன்றுக்கு அறுவை சிகிச்சை.

மனைவி மூன்றாம் மாடியில் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு, நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் படுத்திருக்கிறாள். வயிற்றில் கட்டி. இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கீழேயிருந்து ஒப்புதல் எண் மேலே போனால்தான் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள். கையிலிருந்து கட்டுகிற தொகையா அது? வீட்டை விற்கலாம் என்றால், நாங்கள் இருப்பது வாடகை வீடு.

"சரியா பாரும்மா. ஹெட்மிஸ்ட்ரஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ்."

"பார்த்துட்டேன் சார். மார்ச் பதினெட்டாம் தேதி விலகல் கடிதம் குடுத்திருக்காங்க. கணவர் திட்டத்துல சேர்ந்துக்கறதா எழுதியிருக்கு. உங்க அட்டையைக் குடுங்க."

என் அட்டை வீட்டில் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அது செல்லாது. நானும் மார்ச்சில்தான் விலகல் கடிதம் கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி.

இந்த வருடம் வந்த விதி. கணவன், மனைவி இருவருமே அரசு ஊழியர்கள் என்றால் ஒருவர்தான் திட்டத்தில் இருக்கலாம். மற்றவர் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் கணக்கில் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

யார் இருப்பது, யார் ஒண்டுவது என்று வீட்டில் பெரிய ரகளை. அவள் சம்பளம் கூடுதல், அவள் அட்டைக்குத் தனி அறை கிடைக்கும். நியாயம்தான். ஆனால் "பொண்டாட்டி அட்டையில நான் போய்ப் படுக்கணுமா?" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

பதினோரு நாள் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு டப்பா எங்கே என்பதைக்கூட மகளை நடுவில் வைத்துத்தான் கேட்டுக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள் எனக்கு மனசு இளகிவிட்டது. ஆபீசில் சத்தம் போடாமல் விலகல் கடிதத்தை நீட்டினேன். வீட்டில் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது.

பொய். சொன்னால் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் காப்பீட்டுப் பிடித்தம் இல்லை. அவள் சீட்டிலும் இருந்திருக்காது. அவரவர் சீட்டைப் பார்த்து அவரவர் திருப்திப்பட்டிருக்கிறோம்.

இன்று காலையில்கூட, கட்டிலில் படுத்தபடியே, "உங்க அட்டையை எடுத்துக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டாள். பழசை மறக்காமல் குத்துகிறாள் என்று நினைத்து "ம்" என்றேன். அவள் கைப்பையிலிருந்து அவள் அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அவள் குத்தவில்லை. எனக்கு ஒரு நாள் முன்னாலேயே இறங்கி வந்திருக்கிறாள்.

இருபத்துநான்கு வருடக் குடித்தனத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். வேறு எங்கே, எப்போது தெரிந்திருந்தாலும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

அந்தப் பெண் படிவத்திலிருந்த என் எண்ணையும் தட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அய்யய்யோ... இருங்க சார். இதுக்கு ஏதாவது வழி வெச்சிருப்பாங்க."

நல்ல பெண். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் சுற்றறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள்.

வழி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தேடட்டும் என்று நின்றேன்.

"ஜூன்ல ஒரு தெளிவுரை வந்திருக்கு சார். வேற ஒரு ஜோடி, டிரைவரும் நர்ஸும், இதே மாதிரி மாட்டிக்கிட்டு மனு போட்டிருக்காங்க."

அவள் வாய்விட்டுப் படித்தாள்: "இருவரும் விலகியிருப்பின், அடுத்த சேர்க்கைக் காலமான மார்ச் வரை இருவருக்கும் பயன் கிடையாது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வசிப்பவர்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை என்பதை ஒரு காரணமாக ஏற்பதற்கில்லை."

படித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்த மகராசன் எழுதினானோ. அவன் வீட்டுல யாருக்காவது வந்தாத்தான் தெரியும்."

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மூன்றாம் மாடியிலிருந்து அவள்தான். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"கையெழுத்துப் போட்ட ஆபீசரையே நேர்ல போய்ப் பாருங்க சார். கால்ல விழுந்தாவது கேளுங்க. பேர் கீழே இருக்கும்."

திரையைக் கீழே நகர்த்தினாள்.

நகர்த்திய விரல் அப்படியே நின்றது. நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் கையில் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"அவருக்கும் உங்க பேர்தான் சார். கையெழுத்துகூட..."

"வேற ஆளும்மா," என்றேன்.