வாளியில் மிஞ்சிய தாள்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். முன்னே பின்னே சொல்லி, நல்லவரைக் கெட்டவராக்கிவிடக் கூடாது.

என் ஓரகத்தியைப் பற்றித்தான். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதியோர் இல்லத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. படுக்கையில் கிடப்பவர்களைத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு எனக்கு, பகல் அக்காவுக்கு.

மூன்று மாதத்துக்கு முன், காலையில் ஆள் மாறும் நேரத்தில், ஏழாம் கட்டில் அம்மா கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். கட்டிலின் பக்கக் கம்பி இறங்கிக் கிடந்தது.

"துணி மாத்த நான்தான் இறக்கினேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன்" என்றார் அக்கா.

அன்றைக்கே அவருக்கு வேலை போனது. இரவு வேலை முடிந்து நான் கிளம்பிய பிறகுதான் அந்த அம்மா விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் திருச்சபையில் பெண்கள் வாயை மூடவில்லை.

"ஒரு உயிரு போயிருக்கு. இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு."

"கல்லு மாதிரில்ல உக்காந்திருக்கா."

சபை மூப்பர் போதகரிடம் நேராகவே கேட்டார். "எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு பாவத்தை அறிக்கை பண்ணாத ஆளுக்கு எப்படித் திருவிருந்து அப்பம் குடுப்பீங்க?"

போதகர் யாரையும் எழுப்பவில்லை. ஞாயிறு மாலை ஆராதனையில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்.

"மனசுல கிடக்கிற அழுக்கை எழுதுங்க. யாரும் படிக்கப்போறதில்ல. வாளியில போட்டு எரிச்சிடுவோம். அடுத்த வாரம் புது உள்ளத்தோட திருவிருந்துக்கு வாங்க."

அக்கா குனிந்து எழுதினார். நாலாக மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்குள்ள எழுதிட்டியா?"

"ஆச்சுக்கா."

"குடுத்து வச்சவ. எனக்கு இன்னொரு தாள் கேக்கலாமான்னு இருந்துச்சு" என்று சிரித்தார்.

வரிசையில் போய் வாளியில் போட்டார். பின்னாலேயே நானும் வாளிக்கு மேல் கையை நீட்டிவிட்டு வந்தேன்.

முற்றத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பாதி எரிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே ஓடினோம்.

மறுநாள் சபைக் கட்டடத்தைப் பெருக்கும் முறை என்னுடையது. வாளியில் கரித் தண்ணீர். அதைக் கொட்டியபோது எரியாத ஒரு தாள் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பார்க்காமல் எறிந்திருக்க வேண்டும். ஆனால் கையெழுத்து தெரிந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைத்த நேரத்தைக் கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுதும் அதே கை. அக்கா மனம் திரும்பியிருக்கிறாரா என்று பார்க்கத்தான் பிரித்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்க வெகுநேரம் ஆனது.

'ஆண்டவரே, நான் வேலைக்கு வரும்போதே அந்த அம்மா தரையில் கிடந்தார். கம்பியை நான் இறக்கியதாகச் சொன்னது பொய். என் ஓரகத்தி புருஷன் இல்லாதவள், மூணு பிள்ளை. எனக்கு என் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார். இந்தப் பொய்யை மன்னியும். அவளை என்றைக்கும் குத்திக் காட்டாத மனசைத் தாரும்.'

வாசலில் செருப்புச் சத்தம். தாளைத் துடைப்பத்துக்கு அடியில் தள்ளினேன். போதகரம்மா வந்தார்.

"எல்லாம் எரிஞ்சுதாம்மா? மழையில ஏதாவது மிஞ்சிக் கிடந்தா நல்லாருக்காது."

"ஒண்ணும் மிஞ்சலம்மா."

அவர் போகாமல் நின்றார். "மூப்பர் விடமாட்டேங்கிறார். இந்த வாரம் உன் ஓரகத்தியைத் திருவிருந்துக்கு வர வேண்டாம்னு சொல்லிடுவாங்க போலிருக்கு. பாஸ்டருக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. நீ அங்கேயே வேலை பாக்கிறவ. அவளுக்காகச் சொல்ல உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நான்தான் முன்னாடியே கிளம்பிட்டேனே."

"உனக்கும் சங்கடம்தான். சொந்தமாச்சே. ஜெபம் பண்ணிக்கோ."

"பண்றேம்மா."

அவர் போன பிறகு தாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மூன்று மாதத்துக்கு முன் அந்தக் காலையில் ஏழாம் கட்டில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கம்பியை ஏற்றிய ஞாபகம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மூன்று தீக்குச்சி கிழித்தும் அக்காவின் தாள் பற்றவில்லை. அவ்வளவு ஈரம்.

பர்ஸைத் திறந்து, முந்தின நாள் போதகர் கொடுத்த என் தாளை எடுத்தேன். ஒன்றும் எழுதாத தாள், நன்றாகக் காய்ந்திருந்தது. அதை அடியில் வைத்துக் கொளுத்தினேன்.