தேவையில்லாத ஒரு விவரம்

"இதுல உயிரே இல்லையே" என்று மேலாளர் அம்மாள் அவனுடைய விடுப்புக் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

கடிதத்தில் ஒரே ஒரு வரி. என் தந்தை இன்று அதிகாலை காலமாகிவிட்டார், மூன்று நாள் விடுப்பு வேண்டுகிறேன்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே அதன் வாயை அடைத்தான்.

காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவு அது. எரிந்த கடை, நொறுங்கிய வண்டி, திருட்டுப்போன நகை என்று ஜனங்கள் எழுதி அனுப்புவதில் எது நிஜம், எது புளுகு என்று பிரிப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு. அந்த அம்மாள் அதை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார்.

அவர்மேல் அவனுக்குத் துளி மதிப்புக் கிடையாது. கோப்பைத் தவிர வேறெதையும் புரட்டாமல், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஜென்மம். இலக்கியம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும்.

அவன் நாவல் எழுதுகிறான். நான்கு வருடமாக எழுதுகிறான். நாற்பத்தொரு பக்கம் ஆகியிருக்கிறது.

இந்த வேலைதான் தன்னை எழுதவிடாமல் உறிஞ்சுகிறது என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, அலுவலகத்தில் அவனுக்கு 'நாவல்' என்றே பேராகிவிட்டது. நாவல் வந்தாச்சா, நாவலுக்கு ஜலதோஷமாம், நாவல் சில்லறை வெச்சிருக்கா.

எழுதுவதற்காகவே விடுப்பு எடுப்பான். எடுத்த நாளில் மத்தியானம் வரை தூங்குவான். எழுந்து மேசையை ஒழுங்குபண்ணுவான். மற்றவர்கள் எழுதியதை எடுத்துவைத்துக்கொண்டு குறை கண்டுபிடிப்பான். பொழுது சாய்ந்ததும் நாளை அலுவலகம் போகவேண்டுமே என்று அலுத்துக்கொள்வான்.

போன மாதம் மெமோ வந்தது. இனி முன்அனுமதி இல்லாமல் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் வேலை போய்விடும்.

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். உள்ளே அவனுடைய பழைய விடுப்புக் கடிதங்கள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

"போன வருஷம் உங்க பெரியப்பாவ சாகடிச்சீங்க. பாவம், இந்த மார்ச்சுல அவருக்கே கண் ஆபரேஷன்னு லீவு கேட்டிருக்கீங்க."

அவன் தலை குனிந்தான்.

"ஆனா அந்தச் சாவு நல்லா இருந்துச்சு. ஒரு செருப்பு மாடிப்படியிலயும் இன்னொண்ணு வாசல்லயும் கிடந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. நான் நம்பிட்டேன். நிஜமா நடந்ததுன்னா அதுல தேவையில்லாத ஒரு விவரம் இருக்கும். இதுல என்ன இருக்கு? திங்கக்கிழமை நாவல் போட்டிக்குக் கடைசி நாள். அது மட்டும்தான் இருக்கு."

போட்டி அறிவிப்பை டீ மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்தவன் அவனேதான்.

இந்த அம்மாளிடம் போய்க் கெஞ்சுவதா என்றிருந்தது. அதைவிட, அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. அந்த வரி செத்த வரிதான். அவன் எழுதியதைக் கையில் பென்சிலோடு படித்த ஒரே ஆள், இந்த நான்கு வருடத்தில், இவர்தான்.

"பத்து நிமிஷம் குடுங்க மேடம்."

தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். போன் மறுபடி இரண்டு முறை அதிர்ந்தது. இழுப்பறைக்குள் தள்ளி மூடினான்.

கை ஓடியது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக நிற்காமல் ஓடியது.

அப்பா, பழுதான சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்ததாக முதலில் எழுதினான். மலிவாக இருந்தது, அடித்தான். அதற்குப் பதிலாக அவருடைய உள்ளங்கையில் ஒரு திருகாணியை ஒட்டவைத்தான். கடைசி வரிக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான். பிறகு எழுதினான்: நேற்று போனில் என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது, உன் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்பது.

மேலாளர் படித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். குறிக்க இடம் தேடியது போலிருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிச்சிடுங்க. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்" என்றார். கையெழுத்துப் போட்டார். "இத கீழ பணியாளர் பிரிவுல குடுத்துட்டு உடனே கிளம்புங்க."

படி இறங்கும்போது அவனுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடம் புளுகைப் பிடித்தே தலை நரைத்தவர். ஒழுகும் குழாய் ஒன்றில் வழுக்கி விழுந்துவிட்டார்.

இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த போன் மீண்டும் அதிர்ந்தது. துண்டித்தான். கடிதத்தை ஜன்னல் விளிம்பில் விரித்துப் படம் எடுத்தான். கடைசி வரி மங்கலாக விழுந்திருந்தது. நிழல் விழாமல் தள்ளி நின்று இன்னொன்று எடுத்தான். வரிகளைப் பெரிதாக்கிப் பார்த்தான். அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளலாம். பக்கம் நாற்பத்திரண்டு.

அதன் பிறகு வந்த அழைப்பைத்தான் எடுத்தான்.

"எங்கண்ணா இருக்க?" தங்கையின் குரல் கட்டிப்போயிருந்தது. "விடியக்காலையில சொன்னேன், இன்னும் என்ன பண்ற? எல்லாரும் வந்தாச்சு. நீ வந்தாத்தான் அப்பாவ எடுக்க முடியும்."