வாடை இல்லாத இலை

குனிந்தவள் முதலில் இலையின் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள். பூச்சி இல்லை. ஓட்டை இல்லை.

நல்ல கீரை.

மாயவரத்தில் நாற்பது வருடம் கீரைக்காரிகளுக்குச் சிம்மசொப்பனமாக இருந்தவள். கட்டுக்குள் நாலு பழுத்த இலை தெரிந்தால் கட்டையே திருப்பிக் கொடுத்துவிடுவாள். வியன்னாவுக்கு வந்து பதினாறு நாள் ஆகிறது. அரண்மனை அவளை அசைக்கவில்லை. ராட்சத ராட்டினமும் அசைக்கவில்லை. இந்தப் பூங்காதான் அசைத்தது. ஊர் நடுவே ஒரு காடு. மரத்தடியெல்லாம் கீரை. காவலுக்கு ஓர் ஆள் கிடையாது.

மகள் கமலினி பாதையோரப் பெஞ்சில் இருந்தாள். ஏழு மாத வயிறு. கால் வீங்கியிருந்தது. உடம்பில் ரத்தம் போதவில்லை என்று போன வாரம் டாக்டர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. இந்த ஊர்க் கடையில் கீரை பிளாஸ்டிக் பையில் வருகிறது. அதற்கு உயிர் இருப்பதாக அவள் நம்பவில்லை.

நாளைக்கு அமாவாசை வேறு. அவர் போய் எட்டு மாதம். ஓர் அமாவாசையும் தப்பவில்லை. படையலில் ஒரு கீரை இருந்தாக வேண்டும் என்பது மாமியார் காலத்து ஏற்பாடு.

சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை வண்டி போனது.

பக்கத்தில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாள் ஓர் இலையைக் கிள்ளினாள். நுனியைக் கசக்கினாள். முகர்ந்தாள். பிறகே கூடையில் போட்டாள்.

ஒவ்வோர் இலையாக.

கீரைதானே பறிக்கிறாள், மல்லிகைப்பூ வாங்குகிற மாதிரி என்ன மோப்பம் என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தம்மாள் ஒரு கசக்கிய இலையை இவள் மூக்கருகே நீட்டினாள்.

பூண்டு வாடை. குப்பென்று அடித்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமாவாசையன்று அவர்கள் வீட்டில் பூண்டும் வெங்காயமும் அடுப்புப் பக்கமே வராது. கை கூப்பிவிட்டு நகர்ந்தாள்.

பாதை திரும்பும் இடத்தில் ஒரு பலகை. அதில் இரண்டு இலைகளின் படம். இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கீழே ஜெர்மனில் நாலு வரி.

கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாடை வந்தால் உண்ணலாம். வராவிட்டால் அது வேறு செடி, தொடாதீர்கள். இதயத்தை நிறுத்திவிடும்.

எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். முதல் சொல்லே முழ நீளம் இருந்தது. விட்டுவிட்டாள்.

அதைத் தாண்டி மரங்கள் நெருங்கி நின்றன. வெயில் தரைக்கு வரவில்லை. பள்ளத்தில் அதே கீரை, அதே பச்சை. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். பூண்டு. எறிந்தாள். அடுத்தது. பூண்டு. இரண்டடி இறங்கி இன்னொன்று.

வாடை இல்லை.

மறுபடியும் முகர்ந்தாள். வெறும் பச்சை வாசம்தான்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்திரிக்காயில் பச்சையும் ஊதாவும் இல்லையா? அது போல இதிலும் ஒரு சாதி. அவரே கூட வந்து காட்டிக்கொடுத்ததாக நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

பிறகு அந்தம்மாளைப் போலவே செய்தாள். கிள்ளினாள். கசக்கினாள். முகர்ந்தாள். பூண்டு வாடை அடித்ததை எறிந்தாள். அடிக்காததைத் துணிப்பையில் போட்டாள்.

ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் கை அப்படி.

மேட்டில் அந்தம்மாள் கூடையுடன் கிளம்பிக்கொண்டிருந்தாள். இவள் ஓர் இலையைத் தூக்கிக் காட்டினாள். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

கமலினி பைக்குள் எட்டிப் பார்த்தாள். அலுவலக விருந்தில் இந்தக் கீரையைத் தின்றிருக்கிறாள். பறித்ததில்லை.

"இது பூண்டுக்கீரையாச்சேம்மா, நாளைக்கு ஆகுமா?"

"வாடை இல்லாததாப் பாத்துப் பாத்துப் பறிச்சிருக்கேன்டி."

"பலே ஆளும்மா நீ."

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குச் சமையல் முடிந்தது. வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாசிப்பருப்புப் போட்டுக் கீரைக்கூட்டு. படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவர் படத்துக்கு முன் படைத்தாள். விழுந்து கும்பிட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், என் பெண் பிழைத்து எழ வேண்டும் என்று வாய்விட்டே கேட்டாள்.

காக்கைக்குப் பால்கனிச் சுவரில் வைத்தாள்.

சாம்பல் உடம்புக் காக்கை ஒன்று வந்தது. வடையைத் தின்றது. சோற்றைத் தின்றது. கீரையில் அலகை வைத்தது. உதறியது. அலகைச் சுவரில் இரண்டு பக்கமும் தேய்த்தது.

பறந்து எதிர்க்கூரையில் உட்கார்ந்தது. அங்கிருந்து போகவில்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்படியே ஒங்கப்பாதான்டி. அந்த மனுஷனுக்கு என்னிக்குக் கீரை எறங்கியிருக்கு?"

கமலினி தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நல்ல பசி.

"அப்பா வேணாம்னா அவர் பங்கையும் எனக்கே போடும்மா."

கரண்டியால் வழித்துப் போட்டாள்.