முள்ளம்பன்றி கொடுத்த முள்

முள்ளம்பன்றிக்கு முதலில் துரோகம் செய்தது பள்ளிக்கூடம் நடத்தும் ஆந்தைதான். குட்டிகள் பாடம் படிக்க என்று சொல்லி, அதன் முதுகிலிருந்து ஒரு கட்டு முள் வாங்கிப் போனது. பள்ளிக்குப் புதுக்கூரை போட்டுக் கொடுத்த நரி ஆந்தையோடு வந்து வாசலில் நின்று பல்லிளித்தபோதே முள்ளம்பன்றிக்குச் சந்தேகம்தான். ஆனாலும் குட்டிகளை நினைத்துக் கொடுத்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, முள்முனை வைத்த ஈட்டிகளோடு ஓநாய்ப் படை காட்டுக்குள் இறங்கியது. கூட்டாளி புள்ளிமான் தொடையில் முள்ளோடு நொண்டி வந்தது.

"இது உன் முள்தானே? நான் என்னடா செய்தேன் உனக்கு?"

முள்ளம்பன்றி நேரே பள்ளிக்கு ஓடியது.

"நாங்கள் கூர்மையை அளந்து நரியிடம் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்றது ஆந்தை.

"நான் ஈட்டி செய்து ஓநாய்களுக்கு விற்றேன். குத்தியது நானா?" என்றது பக்கத்தில் நின்ற நரி.

"நான் படிப்புக்குத்தான் கொடுத்தேன் என்று மானிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா" என்றது முள்ளம்பன்றி.

"நரியோடு ஒப்பந்தம் இருக்கிறதப்பா, வெளியே பேசக்கூடாது" என்றது ஆந்தை. "வேண்டுமானால் ஆண்டுவிழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்."

"என் முதுகில் பொன்னாடை கிழிந்துதான் போகும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் ஐயா!"

ஆந்தை இன்றுவரை சொல்லவில்லை. முள்ளம்பன்றியோடு ஒரே கரையில் தண்ணீர் குடித்த மான் இப்போது குளத்தின் அக்கரையில்தான் குடிக்கிறது.