பாறையை விடாத பவளம்

மரகதவல்லியைப் பிரிந்துபோன கணவன் விட்டுச்சென்ற மீன்தொட்டியில் பாதியை மென்பவளம் என்ற கடலுயிர் காளான்போல் விரிந்து அடைத்திருந்தது. அதை விலைக்கு வாங்க வந்தவர் தொட்டதும் கைப்பிடியளவாகச் சுருங்கிவிட்டது.

“போட்டோவுல பெருசா இருந்துச்சே. பாதி விலைதான்.”

அது விரியும்வரை மரகதவல்லி அவருக்குக் காபி கொடுத்தாள். விரிந்ததும் மறுபடி தொட்டார்.

“கால் விலை.”

“தொடாம இருங்களேன். சும்மாவே எடுத்துட்டுப் போங்க.”

“சும்மாவா? அப்ப ஏதோ சீக்கு இருக்கு” என்று அவர் கிளம்பிவிட்டார்.

எரிச்சலில் அவளே கத்தியால் அதைப் பாறையிலிருந்து அறுத்து வாளியில் போட்டாள். அடுத்து மிச்சத்தைச் சுரண்டத் தொட்டிக்குள் கையை விட்டபோது, பவளத்தின் மடிப்பில் குடியிருந்த ஆரஞ்சு மீன் வெறும்பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் விரலிடுக்கில் வந்து ஒண்டிக்கொண்டது.

“நீ வேறயா” என்றாள். கையை எடுக்கவில்லை.