வண்டி போகிற ஊர்

"ஊர் பேரை மட்டும் சொல்லுங்க சார். வேற எதுவும் வேண்டாம்."

லாரி புக்கிங் ஆபீஸ் கவுன்டருக்கு முன்னால் நின்றவன் மறுபடியும் கெஞ்சினான். கிளார்க் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கஸ்டமர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாது."

"நான் அவ புருஷன் சார்."

"யாரா இருந்தாலும் அதேதான்."

மகனுக்குப் புத்தகப் பெட்டி அனுப்ப வந்திருந்த டீச்சர், பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிழைக்க வந்த நாட்டில் காதில் தமிழ் விழுவதே அபூர்வம். விழுகிற தமிழும் இப்படி ஈவு இரக்கம் இல்லாமல் இருக்கிறதே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

என்ன விஷயம் தம்பி என்று அவனைக் கேட்டார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். வீட்டில் சின்னச் சண்டை. காலையில் எழுந்து பார்த்தால் மனைவியையும் காணோம், ஸ்கூட்டரையும் காணோம். போன் அணைத்து வைத்திருக்கிறது. அவள் வண்டியை உருட்டிக்கொண்டு இந்த ஆபீசுக்குள் போனதை முக்குக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு ஊருக்கு வண்டியை லாரியில் போட்டுவிட்டு, பின்னாலேயே பஸ் ஏறியிருப்பாள். எந்த ஊர் என்று தெரிந்தால், போய்ச் சமாதானம் பேசிக் கூட்டி வந்துவிடுவான்.

"அவளுக்கு இங்க என்னை விட்டா யாரும்மா இருக்கா? இந்த ஊர் பாஷைகூடச் சரியா வராது. எங்க போய்த் தவிக்கிறாளோ."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து கவுன்டருக்கு வந்தார்.

"ஏன் தம்பி, ஒரு குடும்பம் ஒண்ணு சேர்ந்தா உனக்குக் கசக்குதா?"

"ரூல்ஸ் டீச்சர்."

டீச்சர் பொரிந்து தள்ளிவிட்டார். ரூல்ஸ் பேசிப் பேசியே மனுஷத்தன்மை செத்துப்போச்சு என்றார். இந்த ஆபீஸ் முதலாளியின் மகள் தன்னிடம் படித்தவள்தான், ஒரு போன் போட்டால் நாளைக்கு அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான் என்றும் சொன்னார்.

கிளார்க்குக்கு முகம் வெளுத்தது. இந்த வேலை போனால் விசாவும் போகும். ஆனாலும் ஊர் பேரைச் சொல்லவில்லை.

அதற்குள் புருஷன்காரனின் பார்வை, கிளார்க்குக்குப் பின்னால் சாத்தியிருந்த கிடங்குக் கதவுக்குப் போயிருந்தது.

"வண்டி இன்னும் கிளம்பலையோ? உள்ள போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

"லாரி அப்பவே போயிடுச்சு."

"அப்போ பார்க்கறதுல என்ன தப்பு?"

"அதானே?" என்ற டீச்சர், கவுன்டரின் மடக்குப் பலகையைத் தானே தூக்கி அவனுக்கு வழி விட்டார்.

அவன் உள்ளே காலை வைத்தான். கிளார்க் நாற்காலி உருள எழுந்து, கிடங்குக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். நெற்றியில் வேர்வை. இருவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

"சரி, சொல்லிடறேன்," என்றார் கிளார்க். குரல் உடைந்திருந்தது.

தெற்கே துறைமுகம் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னார். வண்டி நாளைக்கு அங்கே இறங்கும், அந்த ஊர் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் என்று வழியும் சொன்னார்.

குழாயை மூடினதுபோல அவன் அழுகை நின்றது. டீச்சரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முன்கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

கிளார்க் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் வழியாக, அவன் எதிரே நின்ற பஸ்ஸில் ஏறுவதையும் பஸ் நகர்வதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?" என்றார் டீச்சர்.

"முதல்லயே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாரு டீச்சர்."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளார்க் கிடங்குக் கதவைத் திறந்தார்.

"அக்கா, பஸ் ஏறிட்டாரு. வெளிய வாங்க."

உள்ளே பாதி அட்டை சுற்றிய ஸ்கூட்டர் ஒன்று நின்றது. அதன் மறைவிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். வலது கை துப்பட்டாவில் தொட்டில் கட்டித் தொங்கியது. முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது.

ஒரு கையாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள் என்றார் கிளார்க். வண்டி அவள் சம்பளத்தில், அவள் பெயரில் வாங்கியது. வடக்கே ஒரு ஊரில், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்திருக்கிறது. சொந்த வண்டி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கை சரியானதும் வந்து சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். லாரி சாயங்காலம்தான் கிளம்பும்.

டீச்சர் தூக்கிவிட்ட பலகை இன்னும் அப்படியே திறந்து கிடந்தது. அவர் போய் அதை இறக்கி மூடினார்.

"எனக்குத் தெரியாதும்மா. அவன் அப்படி அழுதானே..."

"நீங்க பேசினதெல்லாம் உள்ள கேட்டுச்சும்மா. உங்க மேல தப்பில்லை," என்றாள் அவள். "அவர் அழுதா யாருக்கும் மனசு இளகிடும். எனக்கும் இளகித்தான் போன தடவை திரும்பிப் போனேன்."