சாப்டீங்களா?

“கடும் புயல் எச்சரிக்கை. கடலில் இருக்கும் எல்லாக் கப்பல்களுக்கும்...”

துறைமுக வானொலி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக இரண்டு முறை படித்தாள் அக்கா. கப்பல்காரர்கள் வைத்த பெயர் அது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

“கேட்டுச்சுக்கா, கரைக்குத் திரும்பிட்டோம்” என்றது முதல் கப்பல்.

“நல்லது. சாப்டீங்களா?”

“ஆச்சுக்கா. சோறு, முட்டை.”

அடுத்த கப்பலிடமும் அதே கேள்வி.

“இன்னைக்குக் கோழிக்கா!”

பின்னால் நின்ற புது அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் சேர்ந்து மூன்று நாள்தான். அதற்குள் விதிப்புத்தகம் முழுக்க மனப்பாடம்.

“ஏம்மா, புயல் மைக்ல ஊர்க்கதையா? மேலிடத்துக்கு எழுதப் போறேன்.”

“எழுதுங்க சார். இன்னும் மூணு கப்பல் இருக்கு, முடிச்சிடறேன்.”

மனுஷன் நிஜமாகவே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஐந்தாவது கப்பலில் இருபத்திரண்டு பேர். கேப்டன் குரலில் கெத்து குறையவில்லை.

“புயல் நூறு மைல் தள்ளி இருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? இங்க எல்லாம் சுகம்.”

“சாப்டீங்களா கேப்டன்?”

“பிஸ்கெட்.”

“காலையில?”

“அதுவும் பிஸ்கெட்தான்.”

அக்காவின் முகம் மாறியது. பக்கத்து அறை வானிலைக்காரரைப் பார்த்துக் கத்தினாள். “புயல் நீங்க போட்ட இடத்துல இல்ல சார்! புதுப் படம் எடுங்க!”

செயற்கைக்கோள் படம் வந்தது. திரை கொள்ளாத வெள்ளைச் சுழல். அத்தனை பெரிய புயல் சத்தமில்லாமல் மேற்கே நகர்ந்திருந்தது. அதன் விளிம்பில் கடுகளவுப் புள்ளியாய் அந்தக் கப்பல். அக்கா மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“கேப்டன், தெற்கே திரும்புங்க. இப்பவே!”

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் அந்தக் கப்பலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“கேப்டனே சுகம்னாரு. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது.

“சுகமான்னு கேட்டா எந்தக் கேப்டனும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க சார். கப்பல் ஆடுற ஆட்டத்துல அடுப்புல பாத்திரம் நிக்கலைன்னாதான் ரெண்டு வேளையும் பிஸ்கெட்.”

ஸ்பீக்கர் கரகரத்தது. ஐந்தாவது கப்பல்!

அதிகாரி எழுதிய தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, அக்காவை முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“சாப்டீங்களா?”

“உலை கொதிக்குது சார்!”